சத்தம் போடாதே, குழந்தை தூங்குது!

உங்கள் தெருவில் நிச்சயம் ஒரு பையன் இருப்பான். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுவான். மத்தியானம் இரண்டு மணிக்கு நீங்கள் மோர் சாதத்தை முடித்துவிட்டு ஈஸிசேரில் கண்ணை மூடின அடுத்த நிமிஷம், வாசலில் 'டமார்!' பதறியடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால், பையன் கையில் ஊதுபத்தியோடு பரம சாதுவாக நிற்பான். "நமுத்துப் போச்சான்னு டெஸ்ட் பண்ணினேன் அங்கிள்!"

இந்தப் பையனை சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் கொண்டுபோய் விட்டால் சமர்த்தாக இருப்பான். வேறு வழியில்லை. அந்த ஊரில் வெடி கிடையாது. தீபாவளிக்குக் கிடையாது, கல்யாணத்துக்குக் கிடையாது, கோயில் திருவிழாவுக்கும் கிடையாது. பல பத்து வருஷங்களாக இப்படித்தான்.

கோர்ட் உத்தரவா? இல்லை. போலீஸ் கெடுபிடியா? அதுவும் இல்லை. ஊர்க் கண்மாயில் விருந்தாளிகள் வந்து இறங்கியிருக்கிறார்கள். பிரசவத்துக்கு வந்த விருந்தாளிகள். அவ்வளவுதான் காரணம்.

மதுரையிலிருந்து காரைக்குடி போகிற வழியில், திருப்பத்தூர் பக்கத்தில் இருக்கிறது இந்த ஊர். (சிவகங்கைத் திருப்பத்தூர். வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.) பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள். மூன்றும் சேர்ந்து 38.4 ஹெக்டேர், அதாவது சுமார் 95 ஏக்கர். 1977-ல் இதை 'வேட்டங்குடி பறவைகள் சரணாலயம்' என்று அறிவித்தார்கள். தீபாவளி சமயத்தில் வனத்துறை அதிகாரிகள் இந்த ஊருக்கு வந்து, வெடிக்காமல் இருப்பதற்கு நன்றியாக ஸ்வீட் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சர்க்கார் நம்மிடம் வந்து கொடுத்துவிட்டுப் போகிற சமாசாரங்கள் ரொம்பக் குறைச்சல். அதில் இது ஒன்று.

"ஒரு நாள் வெடிச்சா என்ன சார்? பறவை கொஞ்சம் பறந்துட்டுத் திரும்ப வந்து உக்காரப் போறது!" என்றார் ஆபீஸ் நண்பர் ஒருவர். நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறேன்.

நாரை கூடு கட்டுவது நாலு சுள்ளியை வைத்து. கைப்பிடிச் சுவர் கிடையாது. பக்கத்தில் அணுகுண்டு (லட்சுமி வெடியின் பெரியப்பா) வெடித்தால், அடைகாக்கிற தாய் திடுக்கிட்டு ஒரே தாவாகக் கிளம்பும். கிளம்புகிற வேகத்தில் முட்டை உருண்டு விழலாம். குஞ்சு தடுமாறிக் கீழே தண்ணீரில் விழலாம். அப்படியே விழாவிட்டாலும், காக்காயும் பருந்தும் இதற்காகவே 'வெயிட்டிங் லிஸ்ட்'டில் உட்கார்ந்திருக்கின்றன. தாய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவதற்குள் கூடு காலி. இரண்டு மூன்று தடவை இப்படி ஆனால், 'இந்த இடம் சரிப்படாது' என்று கூட்டமே முட்டையை விட்டுவிட்டுப் போனாலும் போய்விடும்.

இதில் இன்னொரு சங்கடம், காலண்டர். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பித்து நவம்பரில் கண்மாயை நிரப்பும். தண்ணீர் ஏறுகிறதா, மரம் தோதாக இருக்கிறதா என்று பறவைகள் வீடு பார்க்க வருவதும் அதே சமயம். நம் தீபாவளியும் அதே சமயம். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் காதில் ஆயிரம் வாலா வெடித்தால் அட்வான்ஸ் கொடுப்பாரா?

*

இந்த சமாசாரம் கொள்ளுக்குடிப்பட்டியோடு முடியவில்லை. ஈரோடு பக்கம் வெள்ளோடு ஏரியைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் தீபாவளிக்கு மத்தாப்பும் விளக்கும்தான், சத்தம் கிடையாது. (சிவகாசிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். மத்தாப்பும் உங்கள் சரக்குதான்.)

திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளம் இன்னும் ஒரு படி மேல். அங்கே பறவைகள் குளத்தோடு நிற்பதில்லை. ஊருக்குள்ளேயே வந்து, வீட்டுக் கொல்லையில் நிற்கிற வேப்ப மரத்திலும் புளிய மரத்திலும் கூடு கட்டிக் குடும்பம் நடத்தும். மஞ்சள் மூக்கு நாரை சின்னப் பறவை இல்லை. நின்றால் உங்கள் இடுப்பு உயரம். அது பத்து ஜோடியாக உங்கள் கொல்லையில் குடியிருந்தால் என்னென்ன விழும், என்ன வாசனை வரும் என்று யோசித்துப் பாருங்கள். மாடி வீட்டுப் பால்கனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்ததற்கு அசோசியேஷன் மீட்டிங் போடுகிறவர்கள் நாம். அங்கே உலர்த்தின வேட்டியை மறுபடி துவைத்துக்கொண்டு, "போகட்டும், புள்ளத்தாச்சி" என்று விட்டுவிடுகிறார்கள். பறவை வந்தால் மழை உண்டு, விளைச்சல் உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. வராத வருஷம்தான் கவலைப்படுகிறார்கள். கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை எடுத்து, மீன் வாங்கிப் போட்டு, பறக்கிற வரைக்கும் வளர்த்த தம்பதிகூட அந்த ஊரில் உண்டு. சரணாலயம் என்று அரசாங்கம் அறிவித்தது 1994-ல். ஊர் அறிவித்தது எப்போது என்று எந்த கெஜட்டிலும் இல்லை.

கண்மாய், ஏரி, குளம். மாவட்டத்துக்கு மாவட்டம் பெயர்தான் மாறுகிறது.

*

இதற்கெல்லாம் தாத்தா, வேடந்தாங்கல்.

பெயரைப் பாருங்கள். வேடர்கள் தங்கின இடம். வேட்டைக்காரர் ஊரே பறவைக்குக் காவல் என்பது நம்ம ஊரில் மட்டும் நடக்கிற விசேஷம். சுமார் 30 ஹெக்டேர் ஏரி. ஏரிக்குள் இடுப்பளவு தண்ணீரில் கடம்ப மரங்கள். நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், கூழைக்கடா, நீர்க்காகம், வக்கா, கொக்கு என்று மரத்துக்கு மரம் 'ஹவுஸ்ஃபுல்' போர்டு.

கும்பினி ஆட்சியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பொழுது போகாமல் பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். ஊர்க்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. நேரே செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ் துரையிடம் போய் நின்றார்கள். 1798-ல் துரை ஒரு 'கவுல்' எழுதிக் கொடுத்தார். கவுல் என்றால் அந்தக் காலத்து ஒப்பந்தச் சீட்டு. இந்தப் பறவைகளைக் காக்கிற உரிமை இந்த ஊர்க்காரர்களுக்கு உண்டு, யாரும் சுடக் கூடாது என்பது சாராம்சம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். உலகத்தின் முதல் தேசியப் பூங்கா என்று அமெரிக்காவில் யெல்லோஸ்டோனை அறிவித்தது 1872-ல். அதற்கு 74 வருஷம் முன்னாலேயே நம்ம ஊர் விவசாயிகள் மனு கொடுத்து, கையெழுத்து வாங்கி, மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். 1858-ல் மறுபடி போய் அப்போதைய கலெக்டரிடம் கவுலைப் புதுப்பித்துக்கொண்டார்கள். டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பிக்கவே நமக்கு மறந்துபோகிறது. 1936-ல் சரணாலயமாக அங்கீகாரம் வந்தது.

இதே பிளேஸ் துரை பெயர் பக்கத்து ஊரான மதுராந்தகத்திலும் அடிபடும். அடைமழையில் ஏரிக்கரை உடையப் போகிற ராத்திரி, ராமரும் லட்சுமணரும் வில்லோடு கரையில் காவல் நின்றதை அவர் பார்த்தார் என்பது கதை. அதனால்தான் அந்தப் பெருமாளுக்கு 'ஏரி காத்த ராமர்' என்று பெயர். தாயார் சன்னதிக் கல்வெட்டில் துரை பெயரும் இருக்கிறது. ஆக, ஏரியைக் காத்தது ராமர். ஏரியில் இருந்த பறவையைக் காத்தது ஊர். இரண்டு கணக்கிலும் துரை பெயர்.

*

சரி, வேடந்தாங்கல்காரர்கள் என்ன, எல்லோரும் வள்ளலாரா? வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினார்களா? வாடினார்கள், தங்கள் பயிரைக் கண்டு. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

பறவை விடியற்காலையில் கிளம்பிப் போய், சுற்றுவட்டாரத்து ஏரியிலும் வயலிலும் மீன், தவளை, நத்தை எல்லாம் ஒரு பிடி பிடித்துவிட்டு, சாயங்காலம் திரும்பி வந்து ஏரி மரத்தில் உட்கார்ந்து எச்சமிடும். எச்சம் தண்ணீரில் கரையும். அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் தாராளம். மடையைத் திறந்தால் தண்ணீரோடு உரமும் சேர்ந்து வயலுக்குப் பாயும். கடையில் போய் மூட்டை தூக்க வேண்டாம். ஹோம் டெலிவரி. அதுவும் இருநூறு வருஷமாக, பில் இல்லாமல்.

இதைப் பக்தி என்பதைவிடப் பண்டமாற்று என்று சொல்வதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. நீ எனக்கு உரம் கொடு, நான் உனக்குக் காவல் தருகிறேன். பாசத்தில் ஆரம்பித்த ஏற்பாடுகள் மூன்றாவது தலைமுறையில் சொத்துத் தகராறில் முடிவதைப் பார்க்கிறோம். லாபத்தில் ஆரம்பித்தது ஏழெட்டுத் தலைமுறை தாண்டி நிற்கிறது!

நாகாலாந்தில் நடந்ததும் இதுபோலத்தான். அமுர் வல்லூறு என்று ஒரு சின்னப் பறவை. கிழக்கு ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவின் தெற்குக்கு அரபிக்கடலைத் தாண்டிப் போகிற வழியில் டோயாங் நீர்த்தேக்கத்தில் இறங்கி இளைப்பாறும். 2012-ல் அங்கே மீன் வலையைக் கட்டி ஒரு லட்சத்துக்கு மேல் பிடித்துக் கொன்றார்கள் என்று கணக்கிட்டார்கள். படங்கள் வெளியாகி உலகமே திட்டியது. அடுத்த வருஷம், 2013-ல், ஒரு பறவைகூட வலையில் விழவில்லை. மந்திரமில்லை. வெளியிலிருந்து போனவர்கள் கிராம சபைகளோடும் சர்ச்சுகளோடும் உட்கார்ந்து பேசினார்கள். சபைகள் தடை போட்டன. வலை கட்டினவர்களே காவலுக்கு நின்றார்கள். பாங்டி கிராமத்தின் பெயரையே ஒரு வல்லூறுக்கு வைத்து, முதுகில் ஸாட்டிலைட் கருவி கட்டிப் பறக்கவிட்டார்கள். நம் ஊர்ப் பெயரில் ஒரு பறவை ஆப்பிரிக்காவுக்குப் போகிறதென்றால், அதைச் சுட யாருக்கு மனசு வரும்?

*

இவ்வளவு நேரம் சந்தோஷமாகப் பேசியாகிவிட்டது. இனி கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

வேடந்தாங்கல் ஏரி பறவைக்குப் படுக்கையறை மட்டும்தான். சமையலறை அங்கே இல்லை. அது சுற்றியுள்ள ஏரிகள், குட்டைகள், நெல் வயல்கள். 30 ஹெக்டேர் ஏரிக்குள் இருக்கிற மீனை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான குஞ்சுகளுக்குச் சாப்பாடு போட முடியாது. அதனால்தான் 1998 அறிவிப்பில் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டரையும் சரணாலயமாகச் சேர்த்தார்கள். 2020-ல் அந்த எல்லையைக் குறைக்கலாம் என்று ஒரு யோசனை கிளம்பியது. எதிர்ப்பும் பலமாகக் கிளம்பியது. பிறகு அரசு அதைக் கைவிட்டது. படுக்கையறையைப் பூட்டிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, சமையலறையை இடித்தால் விருந்தாளி எத்தனை நாள் தங்குவார்?

யோசனையைக் கைவிட்டார்கள். ஆனால் சமையலறை கெஜட் இல்லாமலும் சுருங்கும். சென்னையிலிருந்து தெற்கே ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். கலர் கொடி நட்ட பிளாட், 'பத்து நிமிஷத்தில் ரயில்வே ஸ்டேஷன்' (பறந்து போனால்) என்ற போர்டு. நெல் வயல் மனைக்கட்டாக மாறினால் இரண்டு பக்கமும் அடி. பறவைக்குத் தவளையும் நத்தையும் போச்சு. விவசாயிக்கு வயலே போனபிறகு எச்சம் கலந்த தண்ணீர் எதற்கு? காரை அதில் கழுவவா? பண்டமாற்று அறுந்துபோகும். அப்புறம் பாக்கி இருப்பது வாசனை மட்டும். அதைப் பொறுத்துக்கொள்ள மனைக்கட்டில் வீடு கட்டி வந்தவருக்கு ஒரு காரணமும் இருக்காது.

பறவைகளைக் காப்பாற்ற வேண்டுமென்றால், அங்கே நெல் போடுகிறவருக்கு நெல் போடுவது கட்டுப்படியாக வேண்டும். 'பறவைகள் பாதுகாப்பு' என்ற தலைப்பில் நெல் விலை பேசப்படாதது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

இரண்டாவது வயிற்றெரிச்சல், ஏரியைச் 'சீரமைக்கிற' உற்சாகம். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வாலன்டியர்கள், டி-ஷர்ட், ஒரு ஜே.சி.பி. மாலைக்குள் ஏரி சூப் கிண்ணம் மாதிரி ஆகிவிடும். நேராக வெட்டின கரை, ஒரே ஆழம். மேலே நடைபாதை டைல்ஸ், நடுவில் ஃபவுண்டன், வாத்து வடிவில் பெடல் போட். நிஜ வாத்துக்கு மட்டும் இடமில்லை.

ஏரி என்பது தொட்டி இல்லை. கரையோரம் கணுக்கால் ஆழம் வேண்டும். கொக்கும் உள்ளானும் நின்று மேய்வது அங்கேதான். கொஞ்சம் தள்ளி முழங்கால் ஆழம், அது நாரைக்கு. நடுவில் ஆழம் நீர்க்காகத்துக்கு. தூர் வாரின மண்ணையெல்லாம் லாரியில் ஏற்றி அனுப்பாமல், உள்ளேயே இரண்டு மூன்று திட்டுப் போட்டு, நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் நட்டால் நாளைக்குக் கூடு கட்ட இடம். மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கிற வரைக்கும் பூனை, நாய், நரி எதுவும் ஏறாது. சம்பளம் கேட்காத வாட்ச்மேன் அந்தத் தண்ணீர்தான். மழை பொய்த்தோ, வரத்துக் கால்வாயில் யாரோ வீடு கட்டியோ ஏரி காய்ந்தால் முதலில் வேலையை விட்டுப் போகிறவரும் இந்த வாட்ச்மேன்தான். ஆகவே ஏரியைச் சீரமைக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஏரியை இல்லை, அதற்குத் தண்ணீர் வருகிற கால்வாயை. அங்கே போட்டோ எடுத்தால் அழகாக வராது என்பது மட்டும் ஒரு குறை.

சீமைக் கருவேலத்துக்கும் ஒரு வார்த்தை. அது தண்டனைக்குரிய மரம்தான், மறுக்கவில்லை. 2017-ல் ஹைகோர்ட் மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டதும் ஊரெல்லாம் அரிவாளோடு கிளம்பினார்கள். ஆனால் வேறு மரமே இல்லாத சில ஏரிகளில் பறவைகள் அதிலும் கூடு கட்டுகின்றன. குஞ்சு இருக்கிற மாசத்தில் போய் மொத்தமாக வெட்டுவது, மாப்பிள்ளை வீட்டார் உள்ளே சாப்பிடும்போதே பந்தலைப் பிரிக்கிற வேலை. முதலில் நாட்டு மரத்தை நட்டு வளர்த்துவிட்டு, கூடு காலியான கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சீமையை எடுக்கலாம். இதை எந்த ஊர்ப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார். கேட்பதற்குத்தான் ஜே.சி.பி. சத்தத்தில் முடியவில்லை.

*

'ராம்சார்' என்று சர்வதேசப் பட்டியல் ஒன்று இருக்கிறது. ராமர் சாமாசாரம் இல்லை. ஈரானில் 1971-ல் ஒப்பந்தம் போட்ட ஊரின் பெயர். உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளுக்குக் கொடுக்கிற அந்தஸ்து. 2025-ன் ஆரம்பத்தில் தமிழ்நாட்டுக்கு மட்டும் இதில் 20 இடங்கள். வேடந்தாங்கல் உண்டு, கூந்தன்குளம் உண்டு, வெள்ளோடு உண்டு. கொள்ளுக்குடிப்பட்டி அந்த இருபதில் இல்லை. அதற்காக அவர்கள் வெடி வெடிக்க ஆரம்பித்துவிடவில்லை.

கொசுறு: வேடந்தாங்கல் போகிறவர்களுக்கு. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை விசேஷம். காலையில் சீக்கிரம் அல்லது சாயங்காலம் போங்கள். மத்தியானம் போனால் பறவைகள் டியூட்டிக்குப் போயிருக்கும். ஹாரன் வேண்டாம். கரையில் நின்று கை தட்டிப் பறக்கவைத்து வீடியோ எடுக்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பிரசவ அறையில் யாராவது கை தட்டினால் சும்மா இருப்பீர்களா? திரும்பும்போது ஊருக்குள் ஒரு டீ குடித்து, இளநீரோ வேர்க்கடலையோ ஏதாவது வாங்கிக்கொண்டு வாருங்கள். பேரம் பேசாமல். இருநூறு வருஷத்துக்கும் மேலாக அந்த விருந்தாளிகளுக்குக் காவல் செலவு அவர்களுடையது.